உலோக வினைத்திறன் பரிசோதனைப் பெட்டி: இரும்பு வரை நன்று, அலுமினியத்தில் சறுக்கல்

பள்ளி மாணவர்களுக்கென்று இணையக் கடைகளில் விற்கப்படும் வேதியியல் பெட்டிகளுள் பெரும்பாலானவை நிறம் மாறும் வித்தைகளோடு நின்றுவிடுகின்றன. பத்தாம் வகுப்பில் படிக்கும் அண்ணன் மகளுக்காக நான் வாங்கிய பெட்டி அதைவிடப் பெரிய காரியத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. உலோகங்களை வினைத்திறன் வரிசையில், அதாவது மிக எளிதில் வினைபுரிவது மேலே வருமாறு, அடுக்கிக் காட்டுவதோடு, அவ்வரிசையில் ஓர் உலோகத்துக்கு உள்ள இடமே அதனைத் தாதுவிலிருந்து எவ்வாறு பிரித்தெடுப்பது என்பதையும் தீர்மானிக்கிறது என்று புரியவைப்பதே தன் நோக்கம் எனக் கையேட்டின் முதல் பக்கம் அறிவிக்கிறது. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிகளில் இவ்விரண்டும் தனித்தனியே நடத்தப்படுவதால், மாணவர்கள் வரிசையை ஒரு மதிப்பெண் வினாவுக்கும் இரும்பு எடுக்கும் ஊதுலையை ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் மனப்பாடம் செய்துவிட்டு, இரண்டுக்கும் உள்ள உறவைக் கவனிக்காமலே தேர்வை முடித்துவிடுகிறார்கள். ஆக்சிஜனோடு இறுகச் சேரும் உலோகத்தை அதனிடமிருந்து மீட்பது கடினம். தயங்கிச் சேரும் உலோகத்தை மீட்பது எளிது. இந்த உறவைப் பெட்டி எந்த அளவுக்குக் கண்ணால் காணச் செய்கிறது என்பதைக் கொண்டே இதனை மதிப்பிடுகிறேன். வேதியியல் கற்பித்தவன் என்பதால் என் எதிர்பார்ப்பு சற்று அதிகமாக இருந்திருக்கலாம் என்பதையும் வாசகர்கள் கணக்கில் கொள்ளலாம். தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இவ்வகைப் பெட்டி எதை வாங்குவோருக்கும் கீழே உள்ளவை பயன்படும்.

விலை இரண்டாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உள்ளே மெக்னீசியம் நாடா, துத்தநாகக் குருணை, இரும்பு ஆணிகள், தாமிரத் தகடுகள், அலுமினியத் தகடு ஆகிய ஐந்து உலோகங்களும், மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), அன்னபேதி (இரும்பு சல்பேட்), துத்தநாக சல்பேட், காப்பர் ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு, சலவைச் சோடா, சிட்ரிக் அமிலம், கரித்தூள் ஆகியவை சிறு டப்பாக்களிலும் இருக்கின்றன. சோதனைக் குழாய்கள், ஒரு சாராய விளக்கு, ஊதுகுழல், காந்தம், இரண்டு கிராஃபைட் குச்சிகள், 9 வோல்ட் மின்கலம், சிறிய வோல்ட்மீட்டர், சுவரில் ஒட்டுவதற்கான ஒரு வண்ணப்படம், தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்ட கையேடு ஆகியவை மீதி. சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றைச் சேர்க்காமல் விட்டது சரியான முடிவு. சோடியத்தை மண்ணெண்ணெயில் மூழ்கவைத்து வீட்டுக்கு அனுப்புவது பொறுப்பான காரியமல்ல. ஈயத்தையும் அதன் உப்புகளையும் தவிர்த்திருப்பதும் பாராட்டுக்குரியது. வினைத்திறன் சோதனைகளில் ஈய நைட்ரேட் வழக்கமாக இடம்பெறும் ஒன்றுதான் என்றாலும், குழந்தைகள் கையாளும் பெட்டியில் அதற்கு இடமில்லை.

முதல் சோதனை அனைவரும் அறிந்தது: மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியை இடுவது. 100 மில்லி லிட்டர் நீரில் 5 கிராம் மயில்துத்தம் கரைக்கச் சொல்கிறது கையேடு. கணக்கிட்டுப் பார்த்தால் அது 0.2 மோலார் கரைசலாக அமைகிறது, சோதனைக்கு மிகப் பொருத்தமான செறிவு. ஆனால் ஆணியை அப்படியே இட்டபோது எதிர்பார்த்தது நடக்கவில்லை. செம்பழுப்பு நிறப் படிவுக்குப் பதிலாக, ஆணியின் மீது கரிய பஞ்சு போன்ற ஒன்று உடனே படிந்தது. ஆணியை எடுத்து உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தபோதுதான் அது துத்தநாகம் பூசிய ஆணி என்பது தெரிந்தது. துருப்பிடிக்காதிருக்கக் கடைகளில் விற்கும் ஆணிகளுக்குத் துத்தநாகம் பூசுவது வழக்கம். பெட்டி தயாரித்தவர்கள் கடை ஆணியையே வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆக, மாணவி கண்டது இரும்பின் வினையை அல்ல, துத்தநாகத்தின் வினையை. பூச்சு முழுவதும் போகும்வரை தேய்த்துவிட்டு மீண்டும் இட்டோம். சில நிமிடங்களில் ஆணியின் மூழ்கிய பகுதி தாமிரச் சிவப்பாகி, மறுநாள் காலைக்குள் கரைசலின் நீலம் வெளிறி இளம்பச்சை தெரிந்தது. தாமிரம் வெளியேறி இரும்பு உள்ளே போன கணக்கை அந்த இரண்டு நிறங்களே சொல்லிவிடுகின்றன. ஆணிகளில் நேர்ந்த இந்தக் கவனக்குறைவு விலையில் சில காசுகளை மிச்சப்படுத்தியிருக்கும். ஆனால் தனியே அமர்ந்து செய்யும் ஒரு மாணவருக்கு முதல் சோதனையே தவறான காட்சியைக் காட்டும்.

மெக்னீசியம் நாடா வந்தபோதே சாம்பல் படர்ந்திருந்தது. அது குறையல்ல, காற்றுபட்ட மெக்னீசியம் அப்படித்தான் ஆகும். உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளிபோல் மின்னுகிறது. அதே மயில்துத்தக் கரைசலில் இட்டால், தாமிரம் படிவதோடு குமிழிகளும் கிளம்புகின்றன. மெக்னீசியம் தாமிரத்தை மட்டுமன்றிக் கரைசலில் உள்ள ஹைட்ரஜனையும் வெளியேற்றுகிறது. படிவது பளபளப்பான தாமிரமாக இல்லாமல் கரும்பழுப்புத் தூளாக உதிர்வதைக் கண்டு மாணவர்கள் குழம்பக்கூடும். வினை மிக விரைவாக நடப்பதால் தாமிரம் நுண்துகள்களாக வந்து விழுகிறது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். கையேட்டில் அந்த வரி இல்லை. வெப்பமானி ஒன்றைச் சேர்க்காததும் எனக்கு வியப்பாக இருந்தது. இந்தச் செறிவுள்ள கரைசலில் போதுமான துத்தநாகத் தூளைக் கலந்தால் வெப்பநிலை ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் உயரும். இரும்பில் அதைவிடக் குறைவாகவும் மெக்னீசியத்தில் மிக அதிகமாகவும் உயரும். வினைத்திறன் என்பதை எண்ணால் அளந்து பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. வோல்ட்மீட்டரை வைத்தவர்கள் வெப்பமானியை விட்டது ஏனென்று தெரியவில்லை.

வோல்ட்மீட்டர் பயன்படவே செய்கிறது. துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாகக் குருணையைக் கம்பியில் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தாலும், உப்பில் நனைத்த வடிதாளைப் பாலமாக வைத்து இணைத்தபோது துத்தநாகம்–தாமிரம் இணை நூல்களில் உள்ள 1.10 வோல்ட்டுக்கு அருகிலேயே காட்டியது. அலுமினியம்–தாமிரம் இணை கணக்குப்படி 2 வோல்ட் தர வேண்டும். மீட்டர் காட்டியது அதற்கு வெகு கீழே. இந்த முரண்பாட்டிலிருந்துதான் பெட்டியின் உண்மையான சோதனை தொடங்குகிறது.

வினைத்திறன் வரிசையில் அலுமினியத்தின் இடம் மெக்னீசியத்துக்கு அடுத்தது. துத்தநாகத்துக்கும் இரும்புக்கும் மேலே. அப்படியானால் அது மயில்துத்தத்தில் இரும்பைவிட விரைவாக வினைபுரிய வேண்டும். பெட்டியில் உள்ள அலுமினியத் தகட்டைக் கரைசலில் இட்டால் ஒன்றும் நடப்பதில்லை. கையேட்டின் அட்டவணையிலும் அலுமினியத்துக்கு நேரே "மாற்றமில்லை" என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த பக்கத்தில் வரிசையை எழுதும்போது அலுமினியத்தை மெக்னீசியத்துக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்று கேட்கும் மாணவருக்குக் கையேட்டில் விடை இல்லை. அண்ணன் மகள் கேட்டாள். அவளுக்கு முழு மதிப்பெண்ணும் அந்தக் கேள்விக்கே கொடுக்கலாம்.

விடை ஒரு சிட்டிகைச் சமையலுப்பில் இருக்கிறது. அலுமினியம் காற்றுபட்ட நொடியிலேயே தன்மீது மிக மெல்லிய, இடைவெளியற்ற ஆக்சைடு படலத்தை உருவாக்கிக்கொள்கிறது. அப்படலம்தான் உள்ளே உள்ள உலோகத்தைக் கரைசலிடமிருந்து காக்கிறது. சலனமற்றுக் கிடந்த அதே சோதனைக் குழாயில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கினோம். குளோரைடு அயனிகள் படலத்தை ஆங்காங்கே துளைக்கத் தொடங்கின. முதலில் தகட்டின் ஓரத்தில் புள்ளி புள்ளியாகச் செம்மை தோன்றியது. பிறகு அப்புள்ளிகளிலிருந்து குமிழிகள் கிளம்பின. குழாய் கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகி, நீலம் மறைந்து, அடியில் தாமிரச் சேறு படிந்தது. தகட்டில் ஓட்டைகள் விழுந்துவிட்டன. இந்த ஒரு காட்சிக்காகவே பெட்டியை வாங்கலாம் என்பேன். ஆனால் பெட்டியில் உப்பும் இல்லை, கையேட்டில் இந்தச் சோதனையும் இல்லை. சமையலறையில் உப்பு இருக்கிறது, ஆகவே வாங்குவோர் அவசியம் செய்து பார்க்க வேண்டும். குழாயை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, தகட்டைச் சிறு துண்டாக வெட்டிக்கொண்டு செய்ய வேண்டும். எஃகைத் துருவிலிருந்து காக்கும் குரோமியமும் இதே உத்தியைத்தான் கையாளுகிறது. இரும்பின் துருவோ உதிரும் இயல்புடையது, உள்ளே உள்ள இரும்பைக் காப்பதில்லை. வினைத்திறனில் அலுமினியத்துக்குக் கீழே உள்ள இரும்பு மழையில் அழிவதும், மேலே உள்ள அலுமினியம் சன்னல் சட்டமாக ஆண்டுக்கணக்கில் நிற்பதும் இதனால்தான்.

அடுத்த பகுதி பிரித்தெடுத்தல். இங்கே காப்பர் ஆக்சைடைக் கரியால் ஒடுக்கும், அதாவது அதிலுள்ள ஆக்சிஜனை நீக்கும், சோதனை முதலில் வருகிறது. கரிய ஆக்சைடையும் கரித்தூளையும் கலந்து சூடேற்றினால், கார்பன் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கார்பன் டைஆக்சைடாக வெளியேற, தாமிரம் எஞ்சுகிறது. வெளிவரும் வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினால் பால்போல் கலங்குகிறது. கையேடு இரண்டையும் சம அளவில் கலக்கச் சொல்கிறது. இது மிகத் தவறு. 10 கிராம் காப்பர் ஆக்சைடுக்கு முக்கால் கிராம் கார்பனே போதுமானது. சற்றுக் கூடுதலாக ஒரு கிராம் வரை போடலாம். சம அளவு கலந்தால் உருவாகும் தாமிரம் கரியில் மறைந்துவிடும். சாராய விளக்கின் சுடரும் இதற்குப் போதுமான சூட்டை எளிதில் தருவதில்லை. கலவையை மெல்லிய படலமாகப் பரப்பி, ஊதுகுழலால் சுடரை அதன்மீது செலுத்திய பிறகே நிறம் மாறத் தொடங்கியது. மற்றொரு எச்சரிக்கையும் கையேட்டில் இல்லை. சூடாக இருக்கும்போதே குழாயிலிருந்து வெளியே கொட்டினால், புதிதாகப் பிறந்த தாமிரத் துகள்கள் காற்றில் மீண்டும் கறுத்துவிடுகின்றன. முழுவதும் ஆறவிட்டு, நீரில் கொட்டி மெல்லச் சுழற்றினால், கரித்தூள் மிதந்து வழிந்துபோக, கனமான தாமிரத் துகள்கள் அடியில் தங்குகின்றன. தாமிரத்தின் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய 9 மடங்கு என்பதால் இந்தப் பிரிப்பு நன்றாகவே நடக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது செந்நிறத் துகள்கள் தெளிவாகத் தெரிந்தன.

தீக்குச்சி முனையில் இரும்பு எடுக்கும் சோதனை பெட்டியின் மிகச் சிறந்த பகுதி. தீக்குச்சியின் தலையை நீரில் நனைத்து, முதலில் சலவைச் சோடாவிலும் பிறகு இரும்பு ஆக்சைடிலும் தோய்த்து, சுடரில் காட்டினால் குச்சி பாதிவரை எரிந்து கரியாகிறது. அந்தக் கரியே ஒடுக்கியாகச் செயல்படுகிறது. கரிந்த முனையைக் காகிதத்தின்மேல் நசுக்கி, அடியில் காந்தத்தை நகர்த்தினால் கரிய பொடிகள் சில காந்தத்தோடு நடக்கின்றன. மாணவர்களை இதைவிட மகிழ்விக்கும் சோதனை இப்பெட்டியில் இல்லை. ஆனால் "காந்தம் இழுத்ததால் இது தூய இரும்பு" என்று கையேடு முடிவு சொல்வதை ஏற்க முடியாது. சிவந்த ஆக்சைடு பாதி வழி ஒடுங்கி மாக்னடைட் என்ற மற்றோர் இரும்பு ஆக்சைடு ஆனாலும் காந்தம் அதனை இழுக்கவே செய்யும். காந்தத்தின் சாட்சியம் ஒடுக்கம் நடந்தது என்பதற்குப் போதும். உலோகம் கிடைத்தது என்பதற்குப் போதாது.

இந்தச் சிறு சோதனையிலிருந்து ஊதுலைக்குப் போகும் வழியைக் கையேடு ஓரளவு நன்றாகவே விளக்குகிறது. இரும்புத் தாதுவான ஹேமடைட், நிலக்கரியிலிருந்து பெறும் கற்கரி, சுண்ணாம்புக்கல் ஆகியவற்றை மேலிருந்து கொட்டி, கீழிருந்து சூடான காற்றை ஊதினால், கற்கரி எரிந்து உருவாகும் கார்பன் மோனாக்சைடு இரும்பு ஆக்சைடை ஒடுக்குகிறது. சுண்ணாம்பு, தாதுவோடு வந்த மணலைக் கால்சியம் சிலிக்கேட் கசடாக மாற்றி மேலே மிதக்கவிடுகிறது. அடியில் திரள்வது ஏறக்குறைய 4 விழுக்காடு கார்பன் கலந்த வார்ப்பிரும்பு. இதில் ஒரு நல்ல வாய்ப்பைத் தவறவிட்டிருக்கிறார்கள். தூய இரும்பு உருக 1,538 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் அதன் ஆக்சைடைக் கரியால் ஒடுக்க அவ்வளவு சூடு தேவையில்லை. ஆகவேதான் களிமண் உலையும் துருத்தியும் மரக்கரியும் மட்டுமே வைத்திருந்த மக்கள், இரும்பை உருக்காமலே, பஞ்சுபோன்ற கட்டியாக எடுத்து, அதிலுள்ள கசடை அடித்து வெளியேற்றிக் கருவிகள் செய்ய முடிந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் அடுக்குக்குக் கி.மு. 2172 என்ற காலக்கணிப்பு 2022-இல் வெளியிடப்பட்டதும், கொடுமணலில் உலைகளின் எச்சங்கள் கிடைத்திருப்பதும் தமிழ்க் கையேட்டில் இரண்டு வரிக்குத் தகுதியானவை. வரிசையில் கார்பனுக்குக் கீழே இரும்பு இருக்கிறது என்ற ஒரே காரணத்தால்தான் அந்த உலைகள் சாத்தியமாயின.

கையேட்டோடு வரும் வண்ணப்படத்தில் இந்த இடத்திலேயே பெரும்பிழை. கார்பனை அலுமினியத்துக்கு மேலே அச்சிட்டிருக்கிறார்கள். அது அலுமினியத்துக்கும் துத்தநாகத்துக்கும் இடையே இருக்க வேண்டும். படத்தை நம்பும் மாணவர், அலுமினியத்தையும் கற்கரியால் எடுத்துவிடலாம் என்றே முடிவுக்கு வருவார். உண்மையைச் சொல்லப்போனால், கார்பனுக்கு வரிசையில் நிலையான ஓர் இடம் கிடையாது. வெப்பநிலை உயர உயர அதன் ஒடுக்கும் ஆற்றல் கூடிக்கொண்டே போகும். 1944-இல் எல்லிங்காம் வரைந்த வரைபடம் இதைத்தான் காட்டுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு உலோகவியல் பாடத்திலும் அது வருகிறது. 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் கார்பன், அலுமினியம் ஆக்சைடான அலுமினாவைக்கூட ஒடுக்கவல்லது. ஆனால் கிடைப்பதில் பெரும்பகுதி அலுமினியம் கார்பைடாகிவிடுவதால் அது வழக்கமான தொழில்முறையாக வளரவில்லை. சுவரில் ஒட்டும் படத்தில் இவ்வளவும் எழுத வேண்டியதில்லை. இடத்தைச் சரியாக அச்சிட்டால் போதும்.

மின்சாரத்தைச் செலுத்திச் சேர்மத்தைப் பிரிக்கும் மின்னாற்பகுப்புப் பகுதியில்தான் பெட்டி முழுவதுமாகச் சறுக்குகிறது. "அலுமினியம் பிரித்தெடுத்தலின் மாதிரி" என்று தலைப்பிட்டு, மயில்துத்தக் கரைசலில் இரண்டு கிராஃபைட் குச்சிகளை மூழ்கவைத்து மின்கலத்தோடு இணைக்கச் சொல்கிறார்கள். எதிர்மின்வாயில் (மின்கலத்தின் எதிர்முனையோடு இணைந்த குச்சியில்) தாமிரம் படிகிறது, நேர்மின்வாயில் ஆக்சிஜன் குமிழிகள் வருகின்றன, குச்சி மெல்ல உதிர்கிறது. பார்ப்பதற்கு அழகுதான், ஆனால் இதற்கும் அலுமினியத்துக்கும் என்ன தொடர்பு? நீர்க் கரைசலில் எந்த அலுமினிய உப்பை எடுத்துக்கொண்டாலும் எதிர்மின்வாயில் வெளிவருவது ஹைட்ரஜனே, அலுமினியம் அல்ல. அலுமினியம் எடுக்க நீரே இல்லாத உருகிய நிலை வேண்டும். அலுமினாவின் உருகுநிலை 2,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல். அதனை, உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் கரைத்தால் ஏறக்குறைய 950 டிகிரியிலேயே மின்னாற்பகுப்பு செய்யலாம் என்று 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். வியப்பான செய்தி, இருவரும் 1863-இல் பிறந்து 1914-இல் மறைந்தவர்கள்.

அதற்கு முன் அலுமினியம் எப்படிக் கிடைத்தது என்பதை எழுதியிருந்தால் பெட்டியின் நோக்கமே நிறைவேறியிருக்கும். 1854-இல் பிரான்சின் வேதியியலர் தெவில், அலுமினியம் குளோரைடிலிருந்து சோடியத்தைக் கொண்டு அலுமினியத்தை இடம்பெயர்த்து எடுத்தார். சோதனைக் குழாயில் இரும்பு தாமிரத்தைத் துரத்திய அதே வினை, பெரிய அளவில். ஆனால் சோடியமே விலை உயர்ந்ததாக இருந்தபோது, அதனைச் செலவழித்து எடுக்கும் அலுமினியம் எப்படி மலிவாக இருக்கும்? வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 1884-இல் 100 அவுன்ஸ் அலுமினிய முனையை வைத்தது அது அரிய உலோகமாக இருந்த காலத்தில்தான். இன்றும் ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஏறக்குறைய 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது; பழைய அலுமினியத்தை உருக்கி மீட்க அதில் 5 விழுக்காடு அளவு ஆற்றலே போதும். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் எடுத்த அலுமினியத் தாதுவான பாக்சைட்டை வைத்து அலுமினிய ஆலையை மேட்டூரில் அமைத்ததற்கு, மலைகள் அருகில் இருப்பதைப் போலவே அணையின் மின்சாரமும் காரணம். மின்சாரம் இல்லாத இடத்தில் பாக்சைட் வெறும் செம்மண்தான்.

குறை சொல்லும்போது மாற்றையும் சொல்ல வேண்டும். பெட்டியில் துத்தநாக சல்பேட் இருக்கிறதே, அதை ஏன் பயன்படுத்தவில்லை? அதே குச்சிகளை அந்தக் கரைசலில் மூழ்கவைத்தபோது, எதிர்மின்வாயில் சாம்பல் நிறத்தில் கிளைகிளையாகத் துத்தநாகம் வளர்ந்தது. இது மாதிரி அல்ல, தொழிற்சாலையில் உண்மையாகவே நடக்கும் முறை. ராஜஸ்தானில் பெரும்பாலும் சல்பைடு தாதுவை வறுத்து, ஆக்சைடாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து, மின்னாற்பகுத்துத்தான் துத்தநாகத்தைப் பெறுகிறார்கள். வரிசையில் ஹைட்ரஜனுக்கு மேலே உள்ள துத்தநாகம் நீர்க் கரைசலிலிருந்து எப்படி வெளிவருகிறது என்று கூர்மையான மாணவர் கேட்பார். துத்தநாகப் பரப்பின்மீது ஹைட்ரஜன் வெளிவருவதற்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், அந்த இடைவெளியில் துத்தநாகம் முந்திக்கொள்கிறது என்பதே விடை.

அதே துத்தநாகத்தைக் கரியாலும் ஒடுக்கலாம். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒடுக்கத்துக்குத் தேவையான சூட்டில் துத்தநாகம் ஆவியாகிவிடுகிறது, அதன் கொதிநிலை 907 டிகிரி செல்சியஸ்தான். திறந்த உலையில் அந்த ஆவி காற்றோடு சேர்ந்து மீண்டும் வெள்ளை ஆக்சைடாகிப் பறந்துவிடும். ராஜஸ்தானின் ஜாவரில் இடைக்காலத்திலேயே மண்குடுவைகளைக் கவிழ்த்து வைத்து, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துத் துத்தநாகம் எடுத்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் பிரிஸ்டலின் வில்லியம் சாம்பியன் இதற்குக் காப்புரிமை பெற்றது 1738-இல். வரிசையில் உள்ள இடம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது, உருகுநிலையும் கொதிநிலையும் கூட வழக்கில் சாட்சிகள் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கையேடு துத்தநாகத்தை இரும்போடு சேர்த்து "கரியால் ஒடுக்கப்படுபவை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

தங்கத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, அது "தனித்த நிலையில் கிடைப்பதால் பிரித்தெடுக்கத் தேவையில்லை" என்று எழுதியிருப்பதும் சரியல்ல. 1887-இல் காப்புரிமை பெற்ற சயனைடு முறையில், அரைத்த பாறையிலுள்ள நுண்ணிய தங்கம் நீர்த்த சயனைடு கரைசலில் காற்றின் துணையோடு கரைகிறது. அந்தக் கரைசலில் துத்தநாகத்தை இட்டால் தங்கம் வெளியே தள்ளப்படுகிறது. மீண்டும் அதே இடப்பெயர்ச்சிதான். தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து, 2001-இல் மூடப்பட்ட கோலார் தங்கவயலில், சயனைடு கழிவு மேடுகள் இன்றும் குன்றுகளாக நிற்கின்றன.

மெக்னீசியம் பற்றிய பக்கமோ மிகச் சிறியது. சேலத்தில் வெட்டியெடுக்கும் மெக்னீசியத் தாதுவான மாக்னசைட்டைச் சூடேற்றிக் கிடைக்கும் மெக்னீசியம் ஆக்சைடு, ஏறக்குறைய 2,800 டிகிரி வரை உருகாது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதிலிருந்துதான் செங்கல் செய்கிறார்கள். ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்ளும் உலோகத்தின் ஆக்சைடு, பிற உலோகங்களை உருக்கும் உலைக்குக் கவசமாக அமைவது பொருத்தமே. இது சேலத்துக்காரனின் உள்ளூர்ப் பாசம் என்று எண்ணினாலும் எனக்கு வருத்தமில்லை.

பொருள்களின் தரம் நடுத்தரம். சோதனைக் குழாய்கள் சூட்டைத் தாங்குகின்றன. அவற்றுள் ஒன்று வரும்போதே விரிசலுடன் இருந்தது, புகார் செய்ததும் மாற்றித் தந்தார்கள். டப்பாக்களின் மூடிகள் இறுக்கமாக இல்லாததால் அன்னபேதி காற்றுபட்டுப் பழுப்பேறிவிட்டது. இளம்பச்சையாக இருக்க வேண்டிய உப்பு துருநிறத்தில் இருந்தால் இடப்பெயர்ச்சிச் சோதனைகளில் நிறத்தை நம்ப முடியாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதிலாகச் சிட்ரிக் அமிலம் தந்தது வீட்டுக்கு ஏற்றது. அதிலும் மெக்னீசியம் பொங்குவதும், துத்தநாகம் மெல்லக் குமிழிடுவதும், இரும்பு ஏறக்குறைய அசையாமல் கிடப்பதும் தெளிவாக வேறுபடுகின்றன. பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் சிறுவர் முகத்தில் நிற்பதில்லை. ஹைட்ரஜன் கிளம்பும் சோதனைகளுக்கு அருகே சாராய விளக்கை ஏற்றக் கூடாது என்ற எச்சரிக்கை கையேட்டில் எங்கும் காணப்படவில்லை. தமிழ்ப் பகுதி ஆங்கிலத்திலிருந்து அவசரமாக மாற்றியது போலிருக்கிறது. சில இடங்களில் பாடநூற் சொற்களும் சில இடங்களில் எழுத்துப் பெயர்ப்புகளும் மாறிமாறி வருவதால், ஒரே பொருள் இரண்டு பெயர்களில் தோன்றி மாணவரைத் தடுமாற வைக்கிறது.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். வேதியியல் தெரிந்த ஒருவர் உடனிருந்து, கையேட்டை ஓரமாக வைத்துவிட்டு, பொருள்களை மட்டும் பயன்படுத்துவாரானால் நான்காகவும் ஏற்றலாம். ஆசிரியர் இல்லாத வீட்டில் மாணவர் தனியே செய்வதற்கு இப்போதைய வடிவில் பரிந்துரைக்க மாட்டேன். வண்ணப்படத்தையும் மின்னாற்பகுப்புப் பக்கங்களையும் திருத்திய பதிப்பு வந்தால் வாங்கலாம்.

வாங்குவோர் கழிவைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மயில்துத்தக் கரைசலைச் சாக்கடையிலோ செடிகளுக்கோ ஊற்றக் கூடாது. மீன்களுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் தாமிரம் நஞ்சு. மிஞ்சிய கரைசல் அனைத்தையும் ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, பாத்திரம் தேய்க்கும் இரும்புச் சுருளை, துருப்பிடிக்கும் வகையாகப் பார்த்து வாங்கி, அதில் போட்டுவைக்க வேண்டும். துருப்பிடிக்காத எஃகுச் சுருள் இதற்கு உதவாது. காரணம் மேலே சொன்ன குரோமியப் படலம். ஸ்பெயினின் ரியோ டின்டோ சுரங்க நீரிலிருந்து பழைய இரும்பைக் கொண்டு தாமிரத்தை மீட்டது இதே வழியில்தான். நீலம் முற்றிலும் மறைந்த பின் அடியில் தங்கும் செம்பழுப்புத் தூளை வடித்து, கழுவி, எஞ்சிய இரும்பைக் காந்தத்தால் நீக்கி, இரும்புக் கரண்டியில் பரப்பிச் சூடேற்றினால் அது கறுத்துக் காப்பர் ஆக்சைடாகிறது. பெட்டியில் காப்பர் ஆக்சைடு மிகக் குறைவாகவே தருகிறார்கள், தனியே வாங்கவும் வழி வைக்கவில்லை. கரியால் ஒடுக்கும் சோதனையை மீண்டும் செய்ய எங்களுக்கு அந்தத் தூளே போதுமானதாக இருந்தது.